படத்தைப் பெரிதாக்கும் வித்தை

காலஞ்சென்ற தாத்தாவுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலிச் சுவரொட்டி அடிக்க வேண்டும் என்று குடும்பத்தார் தீர்மானித்ததும், அவருடைய நல்ல படம் ஒன்றைத் தேடும் படலம் ஆரம்பமாகிறது. யாரோ ஒரு பேத்தியின் கல்யாணத்தில் ஐம்பது பேரோடு அவர் நின்ற குழுப்படம், வாட்ஸ்அப் வழியாக மூன்று கைப்பேசிகள் மாறி அச்சகத்துக்கு வந்து சேர, அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்த டிசைனர், "இதைப் பெருசு பண்ணினா படம் உடைஞ்சிடும் சார், வேற படம் இருந்தா குடுங்க" என்கிறார். வேறு படம் அகப்படவில்லை. இருப்பதை வைத்தே தரம் குறையாமல் பெரிதாக்க வழியுண்டா என்று கேட்டால், 'உண்டு, ஒரே சொடுக்கில் உண்டு' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் இப்போது மலிந்துவிட்டன. அந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் மெய், எந்த இடத்திலிருந்து பொய் என்பதைச் சற்று நிதானமாகப் பரிசீலிப்பது உபயோகமான காரியம் என்று நினைக்கிறேன்.

டிஜிட்டல் படம் என்பது உண்மையில் ஓர் எண் அட்டவணை. பரப்பு முழுவதையும் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரையுள்ள மூன்று எண்களை எழுதிவைத்தால் படம் முடிந்தது; அந்தக் கட்டத்துக்குத்தான் பிக்ஸல் என்று பெயர். 1957ஆம் ஆண்டில், அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய ஸ்தாபனத்தில் பணிபுரிந்த ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், தம் கைக்குழந்தை வால்டனின் புகைப்படத்தைக் கணினிக்குள் செலுத்தியபோது, 5 சென்டிமீட்டர் சதுரமான அந்தப் படத்தை 176க்கு 176 கட்டங்களாகப் பிரித்தார். அங்குலக் கணக்கில் அது அங்குலத்துக்கு 89 கட்டங்களே ஆகும். இன்றைய அச்சக நியமப்படி அங்குலத்துக்கு 300 வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், சரித்திரப் பிரசித்தி பெற்ற அந்தக் குழந்தைப் படத்தை ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குமேல் அச்சிட இயலாது. மூலப்படத்தின் அளவில் மூன்றில் ஒரு பங்குகூட அது இல்லை. கட்டங்களைச் சதுரமாக அமைத்ததே தாம் செய்த அசட்டுத்தனம், அதனால் உலகம் அன்றுமுதல் அவதிப்படுகிறது என்று முதுமையில் கிர்ஷ் வருந்தியதும், 2010இல் வேறு வடிவக் கட்டங்களைக் கொண்டு படத்தை இழைவாகக் காட்டும் முறையொன்றை வெளியிட்டதும் உண்டு. உலகம் சதுரத்தை விட்டபாடில்லை.

அந்த 300 என்ற எண்ணுக்கு இரண்டு பூர்வீகங்கள் இருக்கின்றன. ஒன்று கண். ஹாலந்து தேசத்துக் கண் வைத்தியர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வகுத்த எழுத்துப் பலகையின் வழித்தோன்றல்களே இன்றும் கண் ஆஸ்பத்திரிகளில் தொங்குகின்றன. ஆரோக்கியமான பார்வைக்கு அளவுகோலாக அதில் வைக்கப்பட்ட வரியில், எழுத்தின் ஒவ்வொரு கோடும் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் கண்ணுக்குத் தெரியும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகளைச் சாதாரணக் கண் ஒன்றாகவே காணும். புத்தகத்தை நாம் பிடிக்கும் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இந்தக் கோணம் 0.087 மில்லிமீட்டர் ஆகிறது; ஓர் அங்குலத்தில் அத்தகைய புள்ளிகள் 291 அடங்கும். மற்றொரு பூர்வீகம் அச்சுத் தொழிலுடையது. ஆப்செட் இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மை உண்டு, அல்லது இல்லை என்ற இரண்டே நிலைதான். ஆகையால் படத்தைப் பெரியனவும் சிறியனவுமான மைப்புள்ளிகளாக மாற்றும் ஹாஃப்டோன் முறை வந்தது. நல்ல ஆர்ட் காகிதத்தில் அங்குலத்துக்கு 150 வரிசை, செய்தித்தாளில் 85 வரிசை என்று வழக்கம் ஏற்பட, வரிசை ஒன்றுக்கு இரண்டு பிக்ஸல் வீதம் கொடுத்தால் அபாயமில்லை என்று தொழில் தெரிந்தவர்கள் கண்டுகொண்டார்கள். 150இன் இருமடங்கு 300. வெவ்வேறு இடங்களிலிருந்து புறப்பட்ட இரண்டு கணக்குகள் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நின்றதனால் அந்த எண் சட்டமாகிவிட்டது. செய்தித்தாளுக்கு 170 போதும் என்பதை மறந்துவிடுகிறவர்கள்கூட 300ஐ மறப்பதில்லை.

கண்ணின் கணக்கில் தூரம் என்ற அம்சம் இருப்பதைத்தான் மறந்துவிடுகிறோம். பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு, மேற்சொன்ன கோணம் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டராக விரிந்துவிடுகிறபடியால், அங்குலத்துக்கு 29 பிக்ஸல் இருந்தாலே அவருடைய கண் குறை சொல்லாது. 12 மெகாபிக்ஸல் கைப்பேசியில் எடுத்த 4000க்கு 3000 பிக்ஸல் படத்தை, எந்த வித்தையும் செய்யாமல், பத்தடி அகல பிளெக்ஸ் பேனரில் அப்படியே அச்சிட்டால் அங்குலத்துக்கு 33 கிடைக்கும்; பத்தடி தூரத்துக்கு அது போதும், சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்ப்பவருக்கோ அதில் பாதிகூட மிகை. பிளெக்ஸ் கடைக்காரர்கள் 72 போதும் என்று சொல்வது அலட்சியத்தினால் அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நான்கடி தூரத்துப் பார்வைக்குப் பொருந்தும் எண்ணாகவே அமைந்திருக்கிறது. பெரிதாக்க வேண்டும் என்று கொண்டுவரப்படும் படங்களில் கணிசமானவை பெரிதாக்கப்பட வேண்டியவையே அல்ல என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு நேர்மாறான மூடநம்பிக்கை ஒன்றும் உண்டு. 72 என்று குறிக்கப்பட்ட கோப்பைத் திறந்து, ரெசல்யூஷன் என்ற பெட்டியில் 300 என்று எழுதிவிட்டால் படம் அச்சுக்குத் தயாராகிவிட்டது என்று பலர் திருப்தியடைகிறார்கள். பிக்ஸல்களின் தொகை மாறாமல் அந்த எண்ணை மட்டும் மாற்றுவது, புள்ளிகளை எவ்வளவு நெருக்கி அச்சிடுவது என்பது பற்றிய குறிப்பே ஒழிய, படத்தில் அணுவளவு மாற்றமும் செய்வதில்லை. அங்குலத்தில் அதிகம் அடங்கும், அடங்கிய அளவுக்குப் படம் சிறுத்துவிடும், அவ்வளவுதான்.

சரி, நம்முடைய சுவரொட்டிக்கு வருவோம். குழுப்படத்தில் வெட்டியெடுத்த முகம் 200 பிக்ஸல் அகலம் என்றும், அதை 8 அங்குல அகலத்தில் அச்சிட வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், அங்குலத்துக்கு 25 பிக்ஸல்தான் தேறுகிறது. தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டியதை நான்கடி தூரத்தில் நின்று வாசிப்பவருக்கு 72 வேண்டும். ஆகவே நீளத்திலும் அகலத்திலும் மும்மடங்கு பெருக்க வேண்டும். பெருக்கிய பிறகு ஒவ்வொரு ஒன்பது பிக்ஸல்களிலும் ஒன்றுதான் காமிரா பார்த்தது, எஞ்சிய எட்டும் நாம் இட்டு நிரப்புவன. அதே சுவரொட்டியில் 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துகள் எந்த அளவுக்குப் பெருக்கினாலும் கூர்மையாகவே நிற்கின்றனவே, முகத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கதி என்றால், கோரல் டிராவில் எழுத்து கட்டங்களால் ஆனதல்ல. வளைகோடுகளின் சமன்பாடுகளால் ஆனது. எந்த அளவு கேட்டாலும் கணினி அந்தச் சமன்பாட்டை மறுபடி வரைந்து தருகிறது. முகத்துக்குச் சமன்பாடு கிடையாது.

அந்த எட்டு பிக்ஸல்களையும் எப்படி நிரப்புவது? மிக எளிய உபாயம், பக்கத்தில் உள்ளதையே பிரதி எடுத்து வைப்பது. அப்போது பழைய கட்டங்களே பெரிய சதுரங்களாகக் கண்ணில் குத்துகின்றன, டிசைனர் சொல்லும் உடைப்பு அதுதான். அடுத்த உபாயம், இரு பக்கத்து எண்களின் சராசரியை இடையில் வைப்பது: 100க்கும் 200க்கும் நடுவில் 150. சதுரங்கள் மறைந்துவிடும், ஆனால் வெள்ளை மீசையின் விளிம்பு மாநிறக் கன்னத்தைத் தொடும் இடத்தில் கூர்மையான எல்லை ஒன்று உண்மையில் இருந்திருக்கலாம் அல்லவா, அந்த எல்லை பனிமூட்டத்தில் கரைந்தாற்போல் மங்கிவிடும். 1981இல் ராபர்ட் கீஸ் என்பவர் வெளியிட்ட முறை, இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு அண்டை எண்களை — படத்தின் இரு திசைகளையும் சேர்த்தால் பதினாறு எண்களை — கலந்தாலோசிக்கிறது; போட்டோஷாப்பில் 'பைகியூபிக்' என்று காணப்படுவது இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. அருகிலுள்ள இரண்டுக்கும் பதினாறில் ஒன்பது பங்கு வீதம் மதிப்புக் கொடுத்து, அப்பாலுள்ள இரண்டையும் பதினாறில் ஒரு பங்கு வீதம் கழிக்கிறது. 100, 100, 100, 200 என்று நான்கு எண்கள் வரிசையாக இருந்தால், நடு இரண்டுக்கும் இடையில் இந்த முறை வைக்கும் எண் 94க்குச் சற்றுக் குறைவு. மறுபக்கத்தில் 100, 200, 200, 200 என்றிருக்கும் இடத்தில் அது வைப்பது 206. இருட்டுப் பக்கத்தை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிச்சமாக்கிவிட்டது! அப்படி ஓர் எண்ணைக் காமிரா ஒருபோதும் பார்க்கவில்லை. ஆயினும் விளிம்பு எடுப்பாகத் தெரிவதால் கண் மகிழ்கிறது. ஹங்கேரியக் கணித மேதை கொர்னேலியஸ் லாண்ட்ஸோஸின் பெயரால் வழங்கும் முறை இன்னும் அதிக அண்டைகளைக் கேட்டு, இன்னும் கூர்மையாகத் தருகிறது. சற்று அளவு மீறினால் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றி, இறந்தவருக்குத் தேவதைப் பட்டம் கட்டிவிடுகிறது.

தர்க்க சாஸ்திரிகள் அறிவின் வழிகளைப் பிரத்தியக்ஷம், அனுமானம் என்று பிரிப்பார்கள். காமிரா பார்த்து எழுதியது பிரத்தியக்ஷம். நாம் இடையில் நிரப்பியதெல்லாம் அனுமானம். எவ்வளவு சாமர்த்தியமான அனுமானமானாலும் அது பார்க்கப்படாததைப் பார்த்ததாக ஆக்காது என்பதற்குக் கணித நிரூபணமே இருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி கிளாட் ஷானன் 1949இல் ஸ்திரப்படுத்திய கொள்கையின்படி, ஓர் அலையைப் பதிவு செய்ய வேண்டுமானால் அதன் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டுக்கு மேற்பட்ட மாதிரிகள் எடுத்தாக வேண்டும். அதைவிட நுண்ணிய விவரம் பதிவாவதில்லை, அல்லது வேஷம் மாறி வேறொன்றாகப் பதிவாகிறது. நெருக்கமான கோடு போட்ட சட்டையைப் படமெடுத்தால் சட்டையில் இல்லாத வளைவு வளைவான பட்டைகள் தோன்றுவது இதனால்தான். தொலைந்துபோன விவரத்தைச் சராசரிகளால் மீட்க முடியாது.

ஒரு வேடிக்கை என்னவென்றால், பிரத்தியக்ஷம் என்று நாம் மதித்த அந்த ஒரு பிக்ஸல்கூட முழுப் பிரத்தியக்ஷம் அல்ல. கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின்படி, காமிராவின் உணரியில் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரே ஒரு நிற வடிகட்டிதான் பொருத்தப்பட்டிருக்கிறது: பாதிக் கட்டங்கள் பச்சையை மட்டும், காற்பங்கு சிவப்பை மட்டும், காற்பங்கு நீலத்தை மட்டும் பார்க்கின்றன. எஞ்சிய இரண்டு நிறங்களைக் காமிராவே அண்டைக் கட்டங்களைக் கேட்டு ஊகித்து எழுதிவிடுகிறது. ஆக, படத்திலுள்ள எண்களில் மூன்றில் இரண்டு பங்கு, நாம் கைவைப்பதற்கு முன்பே அனுமானம்.

அதன்மேல் ஜேபெக் சுருக்கம் வேறு வந்து சேர்கிறது. 1992இல் சர்வதேச நியமமான இந்த முறைக்கு அடிப்படையாக விளங்கும் கணித மாற்றத்தை 1974இல் வெளியிட்ட மூவரில் முதல்வரான நாசிர் அகமது, பெங்களூரில் பிறந்தவர். படத்தை 8க்கு 8 கட்டங்கள் கொண்ட பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியையும் அலைகளின் கூட்டாக எழுதி, கண் அதிகம் லட்சியம் செய்யாத நுண்ணலைகளைத் துணிந்து தள்ளிவிடுவது அதன் தந்திரம். சிறிய அளவில் இந்தக் கழிவு தெரிவதில்லை. மும்மடங்கு பெருக்கும்போதோ, பாத்திகளின் வரப்புகளும் சேர்ந்து பெருகி, கன்னத்தில் தழும்புபோல் எழுந்து நிற்கின்றன. வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பப்படும் படம் பிக்ஸல் தொகையிலும் குறைக்கப்பட்டு, மறுபடியும் இவ்வாறு சுருக்கப்படுகிறது. ஆகவே, படம் எடுத்தவரைத் தேடிப்பிடித்து, மூலக் கோப்பை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்வதுபோல் சிக்கனமான பெரிதாக்கும் வித்தை வேறொன்று இல்லை. டிசைனர்கள் இதைத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

மெய்யாகவே புதிய விவரம் கிடைக்கும் மார்க்கம் ஒன்று உண்டு. ஒரே காட்சியை, காமிரா அரைக் கட்டம் கால் கட்டம் நகர்ந்த நிலைகளில், பல தடவை படமெடுத்தால், ஒரு படத்தின் இடைவெளியை மற்றொன்று பார்த்திருக்கும். அவற்றைப் பொருத்தி இணைத்தால் தனித்தனிப் படங்களில் இல்லாத நுணுக்கம் வெளிப்படும். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1995 டிசம்பரில் ஆகாயத்தின் வெறுமையான ஒரு மூலையை நூற்றுக்கணக்கான தடவை படமெடுத்தபோது, அதன் காமிராவின் கட்டங்கள் தொலைநோக்கியின் கூர்மைக்கு ஈடுகொடுக்காமல் பெரிதாக இருந்தன. ஃப்ரூக்டர், ஹுக் என்ற இரு வானியலாளர்கள் அந்தப் படங்களை ஒரு நுண்ணிய வலைமேல் துளித்துளியாகச் சொரிந்து சேர்க்கும் முறையை அதற்காகவே வகுத்தார்கள். கூகுள் பிக்ஸல் கைப்பேசிகளில் 2018 முதல் இதே தத்துவம் வேலை செய்கிறது. நகர்வைத் தருவது அங்கே இயந்திரம் அல்ல, பிடித்திருப்பவரின் கைநடுக்கம். நம்முடைய தாத்தாவோ இதற்கு அப்பாற்பட்டுவிட்டார்.

எஞ்சியிருப்பது செயற்கை நுண்ணறிவு. 2014இல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாவ் டாங்கும் சகாக்களும், மூன்றே அடுக்குகள் கொண்ட நரம்பு வலைப்பின்னல் ஒன்றைக் கொண்டு படங்களைப் பெருக்கிக் காட்டியதிலிருந்து இந்த அத்தியாயம் ஆரம்பமாகிறது. பயிற்சி கொடுக்கும் விதம் எளிது: ஏராளமான நல்ல படங்களை எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே அவற்றைச் சிறுக்கவைத்து, சிறியதிலிருந்து பெரியதை யூகிக்கச் சொல்வது, விடை கையில் இருப்பதால், யூகம் தவறும்போதெல்லாம் வலைப்பின்னலைத் திருத்திக்கொண்டே போவது. லக்ஷக்கணக்கான திருத்தங்களுக்குப் பிறகு, இன்ன மாதிரி மங்கல் இருந்தால் அது புருவ ரோமமாக இருக்கும், இன்ன மாதிரி இருந்தால் துணியின் நெசவாக இருக்கும் என்ற பழக்கம் அதற்கு ஏற்படுகிறது. சென்னையில் சினிமா பேனர் வரைந்த ஓவியர்கள், கையகலப் புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களை முப்பதடிப் பரப்பில் விரித்து வரையும்போது, புகைப்படத்தில் தெரியாத இமை மயிரையும் உதட்டின் ஈரப் பளபளப்பையும் தங்கள் அனுபவத்திலிருந்து எடுத்துத்தானே வைத்தார்கள், அதே காரியம்தான் இது. ஓவியருக்கு அந்த நடிகரின் முகம் தெரியும்; வலைப்பின்னலுக்கு முகங்களின் பொதுத் தன்மை மட்டும் தெரியும்.

இந்த வித்தியாசம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, 2020இல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையார் வெளியிட்ட 'பல்ஸ்' என்ற முறை பிரத்தியக்ஷமாகக் காட்டிற்று. 16க்கு 16 கட்டங்களாகச் சிதைந்த முகத்தை 1024க்கு 1024 ஆகப் பெருக்குவது அதன் சாதனை. எதைச் சிறுக்கவைத்தால் இந்தக் கட்டங்கள் கிடைக்குமோ அத்தகைய முகம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது அதன் வழி. பராக் ஒபாமாவின் சிதைந்த படத்தை யாரோ அதனிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பளிச்சென்று கூர்மையான ஒரு வெள்ளைக்காரரின் முகம் வெளிவந்தது. பயிற்சிப் படங்களில் எந்த இனத்தவர் மிகுதி என்ற நியாயமான விவாதம் அதையொட்டி எழுந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: கணக்கு தவறவில்லை என்பதுதான். அந்த வெள்ளைக்காரரைச் சிறுக்கவைத்தால் ஏறக்குறைய அதே 256 கட்டங்கள் கிடைக்கும். அவ்வளவு சொற்பமான எண்களுக்குப் பொருந்தும் முகங்கள் கணக்கற்றவை. இயந்திரம் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஐயத்தின் சாயலே இல்லாமல் தீட்டிக் கொடுத்துவிட்டது. பழைய சராசரி முறைகள் தெரியாததை மங்கலாக்கித் தங்கள் அறியாமையை ஒப்புக்கொண்டன. புதிய முறைகளின் மங்கலின்மை அறிவுக்குச் சாட்சியாகாது. எக்ஸ்ரே படத்துக்கும் விபத்து வழக்கில் வண்டியின் எண் பலகைக்கும் இவற்றைப் பிரயோகிப்பது அபாயம் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நினைவஞ்சலிக்கு? 200 பிக்ஸல் அகல முகத்தில் கண், மூக்கு, வாய் எல்லாம் தெளிவாகவே பதிந்திருக்கும். சருமத்தின் நுண் அமைப்பும் ரோமத்தின் இழையும்தான் இல்லை. இரண்டு, மூன்று மடங்குவரை செயற்கை நுண்ணறிவு அவற்றை மட்டும் கற்பித்துச் சேர்த்தால் பாதகமில்லை என்பேன். குழுப்படத்தின் கடைசி வரிசையில் 20 பிக்ஸலில் தெரிகிற முகத்தை அதனிடம் ஒப்படைத்தால், மாலையும் பொட்டும் வேறு யாருக்கோ போய்ச் சேரும். வீட்டாருக்கு அது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். கருவிகளின் இன்னொரு சுபாவத்தையும் கவனிக்க வேண்டும்: சுருக்கங்களையும் அம்மைத் தழும்பையும் இவை அழுக்கு என்று கருதித் துடைத்துவிடுகின்றன. அப்போது, யந்திரம் தந்த படத்தைப் பாதி ஊடுருவும் அடுக்காக வைத்து, கீழே சாதாரண பைகியூபிக் முறையில் பெருக்கிய படம் தெரியும்படி கலப்பது, கைதேர்ந்த டிசைனர்கள் கையாளும் யுக்தி.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெட்டியைத் துழாவுவது நலம். ஓய்வூதியப் புத்தகத்திலோ பழைய விண்ணப்பத்திலோ 35க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படம் ஒன்று அகப்பட்டால், அதை 600 என்ற அளவில் ஸ்கேன் செய்தாலே 827க்கு 1063 பிக்ஸல் கிடைக்கிறது. 8 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 103. அச்சுப் படத்துக்கு அதற்குமேல் 2400 வரை ஏற்றுவதில் காகிதத்தின் நார்தான் பெரிதாகும். ஃபிலிம் நெகடிவ் கிடைத்தாலோ கதையே வேறு: 24க்கு 36 மில்லிமீட்டர் சட்டத்தை 4000 அளவில் ஸ்கேன் செய்தால் 2 கோடி பிக்ஸலைத் தாண்டுகிறது.

வேலையின் கிரமத்தில் ஒன்றே ஒன்றை வற்புறுத்துவேன். ஜேபெக் வரப்புகளையும் புள்ளி இரைச்சலையும் பெரிதாக்குவதற்கு முன்பே தணித்துவிட வேண்டும். கூர்மையாக்குவதைப் பெரிதாக்கிய பின், கடைசியாகச் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் குப்பையும் கூர்மை பெற்றுப் பெருகும். சுவரொட்டிக்குப் பயன்படும் மலிவான காகிதம் மையை உறிஞ்சிப் புள்ளியைப் பரவவிடுகிறபடியால், திரையில் சற்று மிகையாகத் தோன்றும் கூர்மைதான் காகிதத்தில் இயல்பாக அமையும். எவ்வளவு மிகை என்பது காகிதத்துக்குக் காகிதம் மாறுகிறது. கண்களும் மூக்கும் அடங்கிய ஒரு சாண் துண்டை மட்டும் முழு அளவில், அதே காகிதத்தில், முதலில் எடுத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு பிளேட் போடச் சொல்லலாம்.